பரண்மேல் ஓர் அமானிதம்

நம் ஊரில் ஓட்டு வீடுகள் அருகிவிட்டன. எஞ்சியிருக்கும் சிலவற்றுள் நம் வீடும் ஒன்று. சென்ற ஆண்டு அடைமழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டுமென்று ஆள் வைத்துப் பரணைக் காலி செய்தோம். உடைந்த தொட்டில், கொழும்பிலிருந்து வந்த பெட்டிகள், எவரும் புரட்டாத பேரேடுகள் ஆகியவற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள தகரக் குழல் ஒன்று கீழே இறங்கியது. அது கிடைத்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அது அங்கே இருப்பது நமக்குத் தெரியும். நம் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்று அழைப்பது வழக்கம். சிறுவயதில் நாம் அந்தக் குழலுக்கு 'அப்பாவின் துப்பாக்கி' என்று பெயரிட்டிருந்தோம். தெரிந்திருந்தும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மறந்திருந்த ஒரு பொருளை மறுபடி கண்டோம் என்பதே உண்மை.

குழலுக்குள் இருந்தது துப்பாக்கியன்று. ஸ்னூக்கர் ஆடும் கோல். 'கியூ' என்பார்கள். முன்பகுதி ஆஷ் என்னும் வெளிநாட்டு மரம். அதன் ரேகைகள் அம்புமுனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் ஓடுகின்றன. பிடிப்பகுதி கருங்காலி. இரு மரங்களும் கூடுமிடத்தில் கறுப்பும் வெளுப்பும் நான்கு கூரிய நாக்குகளாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. ஆணி இல்லை, திருகு இல்லை. கையால் இழைத்துச் சேர்த்த வேலை. பிடியின் ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நுனியில் பித்தளைப் பூண். பூணின் தலையில் இருக்க வேண்டிய தோல் வில்லை மட்டும் இல்லை.

அந்த வில்லை எங்கே போயிற்று என்பது நமக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு கோடை விடுமுறையின்போது, வீட்டார் உறங்கும் நண்பகலில், கோலை இறக்கிக் கொல்லையிலிருந்த முருங்கையை அடித்தோம். காயும் விழுந்தது, வில்லையும் விழுந்தது. பித்தளையில் ஒரு நசுங்கல். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி மரத்தில் ஒரு பள்ளம். யாரும் காணுமுன் குழலுக்குள் செருகி, இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். அன்றிரவு முருங்கைக்காய்ச் சாறு நன்றாக இருந்ததென்று பாட்டனார் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்தக் கோல் பாட்டனாருடையதன்று. புறக்கோட்டையில் அவருக்குத் துணிக்கடை இருந்தது. துறைமுகத்தில் எழுத்தராயிருந்த பறங்கியர் ஒருவர் நெடுநாள் வாடிக்கைக்காரர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின், ஆங்கிலம் பேசி வளர்ந்த பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரத் தலைப்பட்டனர். அந்நாட்டின் அன்றைய குடியேற்றக் கொள்கை வெள்ளையருக்கானது. ஐரோப்பிய வம்சம் என்று காட்டினால்தான் கதவு திறக்கும். இவருக்குத் திறந்தது. 1958இல் புறப்பட்டுச் சென்றபோது, இடம் பிடித்துக்கொண்டு எழுதுவதாகவும் அதுவரை வைத்திருக்கும்படியும் சொல்லி இந்தக் கோலைக் கடையில் விட்டுப் போயிருக்கிறார். பரணிலிருந்து இறங்கிய பேரேடு ஒன்றில், பற்று வரவுக் கணக்குகளுக்கு அப்பால் தனிப் பக்கத்தில், பாட்டனார் இதை 'அமானிதம்' என்று தலைப்பிட்டுக் குறித்து வைத்திருக்கிறார். 1963இல் கடையை மூடிவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியபோது, கோலும் உடன் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்து போயிற்று. கோல் நம் பரணில் நலமாக இருந்தது, நாம் முருங்கைக்காய் பறிக்கும்வரை.

இதைச் சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும், குடும்பத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. மூத்த உறவினர் ஒருவர், "சூதாட்டக் கருவிக்கு இவ்வளவு மரியாதையா? அடுப்பில் வையுங்கள்" என்றார். வீணான பேச்சென்று அதைத் தள்ளிவிட முடியாது. பில்லியர்ட்ஸ் மேசை இருந்த இடங்களில் பணம் கைமாறியதும், மாலைத் தொழுகைகள் பறிபோனதும் அவர் தலைமுறை கண்டறிந்தவை.

இந்த ஆட்டம் சீமையில் பிறந்ததென்றே பலரும் எண்ணுகிறார்கள். பிறந்தது நம் நாட்டில். 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் மழைக்காலம் முழுதும் வேலையின்றி அடைபட்டிருந்த ஆங்கில அதிகாரிகள், பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களோடு நிறப்பந்துகளைச் சேர்த்துச் சேர்த்து ஆடிப் பார்த்தார்கள். அப்போது இதை வகுத்தவர் நெவில் சேம்பர்லைன் என்னும் இளம் அதிகாரி. பின்னாளில் பிரதமரான சேம்பர்லைன் வேறு, இவர் வேறு. இராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவனை ஏளனமாகக் கூப்பிடும் சொல் ஒன்று, மேசையருகே எளிய அடியைத் தவறவிட்ட நண்பர்மீது வீசப்பட்டு, ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. பின்னர் 1880களின் தொடக்கத்தில் உதகமண்டலத்துக் கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டன. ஆக, வேலையற்ற பொழுதில் பிறந்த ஆட்டம் என்று நம் உறவினர் குறை சொன்னால், வரலாறு அவர் பக்கமே நிற்கும்.

ஆயினும் ஷரீஅத்தின் தீர்ப்பு அவ்வளவு அவசரப்படுவதில்லை. சதுரங்கத்தைப் பற்றி நம் ஷாஃபிஈ மத்ஹபு சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். பந்தயப் பணம் கலந்தாலும், அதனால் தொழுகை தவறினாலும் ஹராம். அவை இல்லாதபோது மக்ரூஹ் என்று நிறுத்திக்கொள்கிறது. குற்றம் மரத்துண்டில் இல்லை. அதைப் பிடித்தவன் தன் பொருளையும் நேரத்தையும் என்ன செய்தான் என்பதில் இருக்கிறது. 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்று இலங்கைக்குப் பட்டம் கொண்டுவந்த லாஃபிர் ஒரு முஸ்லிமே. 1994இல் ஸ்னூக்கரில் உலக அமெச்சூர் பட்டம் வென்றவர் பாகிஸ்தானின் முகம்மது யூசுஃப். பெயர்களைக் காட்டி ஆட்டத்துக்கு நற்சான்று வாங்குவது நம் நோக்கமன்று. இந்த ஆட்டம் நல்லதா கெட்டதா என்பதே இங்கு கேள்வியன்று. கோலுக்கு உரியவர் கிறிஸ்தவர். அவருக்கு அது முறையான உடைமை. மக்காவில் தம்மைக் கொல்லத் திட்டமிட்டவர்களின் அமானிதங்களைக்கூட உரியவர்களிடம் சேர்ப்பதற்காக, ஹிஜ்ரத் இரவில் அலீ (ரலி) அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்தப் பொருள்கள் என்னென்ன, அவை எதற்குப் பயன்பட்டவை என்று விசாரித்துக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. உறவினரிடம் இதைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. "அப்படியானால் இருந்தபடியே கொடுத்துவிடு. பழுது பார்க்க நீ யார்?" என்றார்.

இந்தக் கேள்விதான் நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. பிறர் பொருளைத் தொடாமல் வைத்திருப்பது அமானிதமா, கெடாமல் வைத்திருப்பது அமானிதமா? தொடாமலிருந்தால் மழையும் கரையானும் தொடும். தொட்டாலோ, அவர் விட்டுச் சென்ற கோல் வேறொன்றாகிவிடக் கூடும்.

நம் தெருப்பள்ளி ஆலிம்சாவிடம் சென்று கேட்டோம். அவர் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜைத் திறந்து, ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றிய பாடத்தைக் காட்டினார். ஒருவர் கம்பளி ஆடையை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றால், அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அதை வெளியே எடுத்துக் காற்றில் விரிக்க வேண்டும். காற்று போதாமல், மனித உடலின் மணம் பட்டால்தான் பூச்சி விலகும் என்றால், அணியவும் வேண்டும். விலங்கை ஒப்படைத்தால் அதற்குத் தீனி போட வேண்டும்; பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு நான் தொடவே இல்லை என்று சொன்னால் செல்லாது. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன் டமாஸ்கஸில் வாழ்ந்த ஓர் அறிஞர், இரவலன் பெட்டியில் கிடக்கும் கம்பளியைத் தின்னும் பூச்சியைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டிருக்கிறார்! அந்தப் பாடத்தை நாம் மதரஸாவில் ஓதியிருக்க வேண்டும். ஓதியிருந்தோமென்றால் காதில் ஏறவில்லை.

அணிதல் கடமையாவது பூச்சிக்காக மட்டுமே என்பதை ஆலிம்சா அழுத்திச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு அழகாயிருக்கிறதே என்று அதே ஆடையை அணிந்து பள்ளிக்குப் போனால், அந்த நொடியிலிருந்து அணிந்தவன் அத்துமீறியவன். அதன்பின் ஆடைக்கு என்ன நேர்ந்தாலும் ஈடு கொடுக்கும் பொறுப்பு அவன் தலையில் விழும். செயல் ஒன்றே, கையை நகர்த்திய காரணம் வேறு. நாம் கோலைச் சீர்செய்வது எந்தக் காரணத்தால் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், இரண்டும் கலந்திருந்தன. கருங்காலியின் கறுப்பைத் துடைத்துப் பார்க்க வேண்டுமென்று விரல் துடித்தது.

ஊரின் மூத்த ஆசாரியாரிடம் கொண்டுபோனோம். மேசைமேல் கோலை உருட்டிப் பார்த்தார். வளைவு இருந்தால் உருளும்போது நடுப்பகுதி மேசையைவிட்டு எழும்பி எழும்பித் தணியும், சிறிது எழும்பியது. "முதலாளி, நுனியில் ரெண்டு அங்குலம் வெட்டினா கோணல் போயிரும். பிறகு உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா, கடையில வாங்கின மாதிரி ஆயிரும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் கடையில் வாங்கியதுபோல் ஆகிவிட்டால், அந்தப் பறங்கியரின் கோல் எங்கே போகும்? வெட்டினால் நீளம் மாறும், எடை மாறும். இந்த ஆட்டக்காரர்களுக்கு அரை அங்குலமும் கால் அவுன்ஸும் பெரிய சங்கதி. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்றி ஏழு உலகப் பட்டங்களையும் ஒரே கோலால் வென்றார், விலையுயர்ந்த கோலன்று. 2003இல் விமானப் பயணத்தில் அது சீர்செய்ய முடியாதபடி முறிந்தது. எத்தனை சிறந்த கோலையும் வாங்கிவிடக்கூடிய மனிதர் அவர். முறிந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆசாரியாரை உட்காரச் சொல்லிவிட்டு, கோலின் உடம்பிலிருந்த தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிடிப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் மெருகு தேய்ந்து மங்கியிருந்தது. வலக்கை பற்றிய இடம். அது அவருடைய கை. அதை மெருகேற்றி மறைக்க நமக்கு உரிமையில்லை. செதுக்கிய எழுத்துகளும் அப்படியே. மரம் வறண்டிருந்ததும், ரேகைகளுக்குள் அழுக்கேறியதும், பித்தளை பச்சை பூத்திருந்ததும் காலத்தின் வேலை. கம்பளியைத் தின்னும் பூச்சி இதுதான். தடுத்தே ஆக வேண்டும். நசுங்கிய பூணும், பள்ளமும், காணாமற்போன வில்லையும் நம்முடையவை. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்ப முடியாது. சிறுவன்மேல் பாவம் எழுதப்படாது. அவன் கெடுத்த பிறர் பொருளுக்கான ஈடு அவனைவிட்டு நீங்காது. அறுபது ஆண்டு வட்டியில்லாக் கடன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு தழும்பு மட்டும் நம்மை மடக்கியது. பிடிக்குச் சற்று மேலே, சுருட்டு நெருப்பு பட்டதுபோல் ஒரு கருகல். அவர் ஆடும்போது பட்டதா? கடையில் பட்டதா? நம் வீட்டில் யாரேனும் வைத்த சூடா? ஆசாரியார் அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார். நம்முடையதென்று உறுதியாகத் தெரிந்தால் எடுத்திருப்போம். தெரியாதபோது, அதை அவருடையதென்றே கொண்டு விட்டுவிட்டோம். ஐயத்தை வைத்துக்கொண்டு பிறர் பொருளில் உளியை வைப்பதற்கு ஷரீஅத்தில் இடமிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வேலை பதினோரு நாள் நடந்தது. ஈரம் பிழிந்த துணியில் ஒரு சொட்டுக் காடி விட்டு அழுக்கைத் துடைத்தோம். பள்ளத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை மெல்ல வைத்தபோது, ஆவி இறங்கி, அமுங்கிய மரநார் மெதுவாக உப்பி எழுந்தது. நாம் அடித்த அடி அறுபது ஆண்டுகளுக்குப் பின் மேலே வருவதைப் பார்க்க விந்தையாயிருந்தது. முழுதும் வரவில்லை, விரலால் தடவினால் இன்னும் தெரிகிறது. பிறகு மிக மெல்லிய எஃகுப் பஞ்சினால் ரேகை ஓடும் திசையிலேயே ஒருமுறை வருடி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மிகுந்ததைத் துடைத்து, ஒருநாள் ஆறவிட்டு மறுபடி பூசினோம். எண்ணெய் உள்ளே இறங்க இறங்க அம்புமுனைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. வளைவு அப்படியே இருக்கிறது. சிறிய வளைவுதான், அவரே அதை அறிந்து ஆடியிருக்கவும் கூடும். ஆசாரியாருக்கு இதில் மனக்குறை உண்டு. தம் கையால் ஆன வேலையென்று நான்கு பேருக்குக் காட்ட அதில் ஒன்றுமில்லை என்றார்.

பூணை அவர் உள்ளிருந்தே தட்டி வட்டமாக்கினார். வில்லை சென்னையிலிருந்து வந்தது. பொத்தான் அளவு தோல்; பத்து மில்லிமீட்டர். இந்த வில்லையை முதலில் கோலுக்குப் பொருத்தியவர் பிரெஞ்சுப் படைத்தலைவர் மிங்கோ என்றும், சிறையில் இருந்த காலத்தில் கண்டுபிடித்தார் என்றும் சொல்வார்கள். பூணின் தலையை அரத்தால் மட்டமாக்கி, பசை தடவி, வில்லையை வைத்து அழுத்தி, ஓர் இரவு விட்டு, மறுநாள் விளிம்பைச் சீவிக் குவித்தோம். அவர் விட்டுச்சென்ற தோல் இதுவன்று. ஆனால் வில்லை என்பது தேயத் தேய மாற்றுவதற்கென்றே அமைந்தது. அவரே எத்தனையோ முறை மாற்றியிருப்பார். புதிய தோலால் கோல் வேறாகிவிடுவதில்லை. கருங்காலியை மாற்றியிருந்தால் வேறாகியிருக்கும். எங்கே எல்லை என்று கேட்டால், உரியவர் வந்து கையில் எடுத்தவுடன், இது என்னுடையது என்று அவர் கைக்குத் தெரிய வேண்டும். அதற்கு உட்பட்டவை எல்லாம் பழுதுபார்த்தல், அதற்கு அப்பாற்பட்டவை எல்லாம் அத்துமீறல் என்றே கொண்டோம்.

பக்கத்து நகரில் நண்பர் ஒருவரின் விடுதியில் ஸ்னூக்கர் மேசை இருக்கிறது. செய்தி கேட்டு அழைத்தார். "ஒரே ஓர் அடி அடித்துப் பாருங்கள் காக்கா. வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தெரிய வேண்டாமா?" என்றார். கோலையும் கொண்டு சென்றிருந்தோம். பச்சைத் துணியும், விளக்கொளியில் சிவப்புப் பந்துகளும் கண்முன். நீலச் சுண்ணக்கட்டியை அவரே எடுத்து நீட்டினார். ஆலிம்சா சொன்ன கம்பளி ஆடையை எண்ணினோம். காற்றோட்டத்துக்காக அணிவதா, வெள்ளிக்கிழமைக்காக அணிவதா? வில்லை ஒட்டியிருப்பதை விரல் நகத்தால் நெம்பியே அறியலாம்; அறிந்துமிருந்தோம். மரத்துக்கு ஆட்டம் தேவையில்லை, எண்ணெய் போதும். சுண்ணக்கட்டியை அவரிடமே கொடுத்துவிட்டோம். நண்பர் சற்று வருந்தினார். திரும்பும் வழியில் நமக்கும் வருத்தம்தான், அதை மறைப்பானேன்?

உரியவரை அல்லது அவர் மக்களைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கொழும்பிலுள்ள உறவினர் விசாரித்தனர். துறைமுகப் பக்கத்தில் அவரை அறிந்தவர் எவரும் இன்று இல்லை. மெல்போர்னில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரிடம் பெயரையும் ஆண்டையும் கொடுத்திருக்கிறோம். இந்த இதழ் கடல் கடந்தும் சில வீடுகளுக்குப் போகிறது. அதனாலும் இதை எழுதுகிறோம். ஆனால் அவர் பெயரையும், பிடியில் செதுக்கியிருக்கும் எழுத்துகளையும், குழலின் மூடியிலுள்ள அடையாளத்தையும் இங்கே அச்சிடவில்லை. கண்டெடுத்த பொருளின் உறையையும் அதைக் கட்டிய கயிற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது எதற்காக? கேட்டு வருகிறவர் தாமே அவற்றைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே.

நமக்கும் எழுபது ஆகிவிட்டது. அமானிதம் வைத்திருப்பவன் தன் முடிவு நெருங்குவதாகக் கண்டால், அதை வஸிய்யத்தில் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் போனால் பொறுப்பாளி ஆவான். பாட்டனார் பேரேட்டில் எழுதினார். ஆனால் நம் வாப்பாவிடம் வாயால் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் முருங்கை அடி விழுந்திருக்காது. ஆகவே மகனையும் மகளையும் அழைத்து, கோலைக் கையில் கொடுத்துக் காட்டினோம். பேரேட்டின் அதே பக்கத்தில், பாட்டனாரின் மங்கிய எழுத்துக்குக் கீழே, செய்த வேலைகளை நாள்வாரியாக எழுதினோம்: எது துடைக்கப்பட்டது, எது மாற்றப்பட்டது, எது தொடப்படவில்லை என்று. மகள் அருகிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லை, பசை, ஆசாரியார் கூலி ஆகியவற்றை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டாள். எண்ணெய்ச் செலவை வேண்டுமானால் உரியவர் பெயரில் எழுதலாம். முறை அதற்கு இடம் தருகிறது. எழுதவில்லை. எல்லாவற்றையும் நம் பெயரிலேயே எழுதி, எதற்காக என்ற இடத்தில் 'முருங்கைக்காய்' என்று குறித்தோம்.